கடையில் கிடைக்காத பெட்டி: எஸ்.எல்.ஆரை நாமே கட்டுவது

ஹெச்.ஓ. அளவில் ஒரு எஞ்சின் வாங்கிவிட்டீர்கள். நீல நிற ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டிகள் நான்கைந்தும் எப்படியோ சேர்ந்துவிட்டன. மாட்டி ஓட்டிப் பார்த்தால் ஏதோ குறைகிறது. எஞ்சினுக்கு அடுத்தும் ரேக்கின் கடைசியிலும் எஸ்.எல்.ஆர். இல்லை. முன்பதிவில்லாத பயணிகள் கொஞ்சம், பார்சல் அறை, கார்டு அறை எல்லாம் சேர்ந்த அந்தப் பெட்டி இரு முனையிலும் நின்றால்தான் ஸ்லீப்பர் வரிசை எக்ஸ்பிரஸ் ரயிலாகத் தெரியும்.

ரெடி-டு-ரன், அதாவது அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததும் ஓடுகிற மாடல், எஸ்.எல்.ஆரில் ஏன் அரிது? பிளாஸ்டிக் பெட்டிக்கு மோல்டு செய்வதில்தான் செலவு அதிகம். ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் பக்கச்சுவரின் மோல்டு மாறும். ஒரு ரேக் கட்டுபவர் ஸ்லீப்பரில் ஆறோ எட்டோ வாங்குவார், எஸ்.எல்.ஆரில் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். சிறு எண்ணிக்கையில் தயாரிப்பவர் எதற்கு முதலில் மோல்டு போடுவார் என்று சொல்லத் தேவையில்லை. பேன்ட்ரி கார், பார்சல் வேன், ஆர்.எம்.எஸ். தபால் பெட்டி எல்லாம் வரிசையில் பின்தங்குவதும் இதனால்தான்.

இந்த இடைவெளிகளில் முதலில் எஸ்.எல்.ஆரை நிரப்புங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. பேன்ட்ரி கார் இல்லாத ரயில்கள் நிறைய உண்டு. கார்டு இல்லாமல் எந்தப் பயணிகள் ரயிலும் கிளம்பாது. (2022 முதல் அவருடைய பதவிப் பெயர் டிரெயின் மேனேஜர்.)

நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன வடிவமைப்பை வைத்து 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை, 2018 வரை அந்த வகைப் பெட்டிகளைக் கட்டியது. ஸ்லீப்பரோ எஸ்.எல்.ஆரோ, கூடும் போகியும் அடிப்படையில் ஒன்றே. மாறுவது சன்னலும் கதவும் உள்ளமைப்பும். ஆகவே இந்த ஒரு பெட்டியைக் கட்டப் பழகியவர் மற்றவற்றையும் கட்டலாம்.

ஒரு சொல் விளக்கம். பேச்சில் பெட்டியையே ‘போகி’ என்கிறோம். இந்த நூலில் போகி என்றால், பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம் மட்டுமே.

அளவுகள்

ஹெச்.ஓ. என்பது 1:87. உண்மை அளவை 87-ஆல் வகுத்தால் மாடல் அளவு கிடைத்துவிடும். கீழே உள்ளதைத் தாளில் எழுதி வேலை மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

- கூட்டின் நீளம் 21,337 மி.மீ.: மாடலில் 245.3
- அகலம் 3,245 மி.மீ.: மாடலில் 37.3
- இரு போகிகளின் மையங்களுக்கு இடையே 14,783 மி.மீ.: மாடலில் 169.9
- ஒரு போகியின் இரு அச்சுகளுக்கு இடையே 2,896 மி.மீ.: மாடலில் 33.3
- சக்கர விட்டம் 915 மி.மீ.: மாடலில் 10.5
- தண்டவாள மட்டத்திலிருந்து கூரை உச்சி ஏறத்தாழ 4 மீட்டர்: மாடலில் 46

தண்டவாளத்தில் ஒரு சமரசம் உண்டு. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; 1:87-இல் அது 19.3 மி.மீ. ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ. அதனால் முன்னாலிருந்து பார்த்தால் பெட்டியின் கால்கள் ஒடுங்கித் தெரியும். இதே 16.5 தண்டவாளத்தில் 1:101.6 அளவில் கட்டினால் அகலப்பாதை அச்சுப் பிசகாமல் வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அழகான பொருத்தம். ஆனால் அந்த அளவுக்கு எஞ்சின் முதல் கைகாட்டி வரை எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும். முதல் பெட்டிக்கு 1:87 போதும்.

முதலில் படம், பிறகுதான் கத்தி

எஸ்.எல்.ஆரில் அமைப்புகள் பல. பார்சல் கதவு எங்கே, கார்டு கதவு எங்கே, பயணிகள் பகுதியில் எத்தனை சன்னல் என்பதெல்லாம் கட்டிய காலத்துக்குத் தக்க மாறும். “பொதுவான எஸ்.எல்.ஆர்.” என்று ஒன்றை மனதில் வைத்துக் கட்டினால் எந்த எஸ்.எல்.ஆரையும் போல இருக்காது. குறிப்பிட்ட எண்ணுள்ள ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து அதையே பின்பற்றுங்கள்.

எண்ணை வாசிக்கத் தெரிந்தால் தேர்வு எளிது. பழைய ஐந்து இலக்க முறையில் முதல் இரண்டு கட்டிய ஆண்டு, கடைசி மூன்று பெட்டியின் வகை. 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை பொதுப்பெட்டி, 701 முதல் 800 வரை எஸ்.எல்.ஆர். அதாவது 94 என்று தொடங்கி அடுத்து 7 வரும் எண், 1994-இல் கட்டிய எஸ்.எல்.ஆர்.

1. பெட்டியின் இரண்டு பக்கங்களையும் நேர் எதிரே நின்று படமெடுங்கள். பெட்டி நிற்கும் பிளாட்பாரத்திலிருந்து எடுத்தால் சக்கரங்கள் மறைந்துவிடும். நடுவில் காலித் தடம் இருக்கும்போது எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து எடுங்கள். போகியோடு முழுப் பக்கமும் கிடைக்கும்.
2. முனைச்சுவர், கூரை, அடிப்பகுதிக்குத் தனித்தனிப் படங்கள் எடுங்கள். கூரையை நடைமேம்பாலத்திலிருந்து எடுக்கலாம்.
3. படத்தைக் கணினியில் திறந்து, கூட்டின் நீளம் 245.3 மி.மீ. வருமாறு அச்சிடுங்கள். போகி அச்சுகளின் இடைவெளி 33.3 வருகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் 33, மறுமுனையில் 31 என்றால் படம் கோணலாக எடுக்கப்பட்டிருக்கிறது. அதை வைத்து வெட்டாதீர்கள்.

பாதுகாப்பு: தடத்தில் இறங்காதீர்கள், யார்டுக்குள் நுழையாதீர்கள். ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது தண்டனைக்குரிய குற்றம். அதைவிட முக்கியம், யார்டில் பின்னோக்கித் தள்ளப்படும் ரேக் வருவது காதில் விழாது. நிதானமாகக் கிட்டே நின்று பார்க்க வேண்டுமானால், ஐ.சி.எஃப்.பை ஒட்டி நியூ ஆவடி சாலையில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது.

தேவையானவை

0.5 மி.மீ., 1 மி.மீ., 1.5 மி.மீ. ஸ்டைரீன் தகடுகள். 11-ஆம் எண் சர்ஜிகல் பிளேடும் பிடியும் (மருந்துக் கடையில் கிடைக்கும்). ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், கட்டிங் மேட், கையால் சுழற்றும் சிறு டிரில், 400, 800 எண் உப்புத்தாள், ஸ்டைரீனை உருக்கி ஒட்டும் எம்.இ.கே. கரைப்பான், மெல்லிய தூரிகை, ஃபெவிகால், 0.3 மி.மீ. கம்பி, தெளிந்த பிளாஸ்டிக் தாள்.

போகி இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை முதல் முயற்சியிலேயே செய்யப் போய் மனம் சலித்துவிடக் கூடாது. வாங்கும்போது அச்சு இடைவெளியைப் பாருங்கள். ஐரோப்பியப் பெட்டிகளின் போகி பலவும் 2,500 மி.மீ. ரகம், மாடலில் 28.7. நமக்கு வேண்டிய 33.3-க்கு முன் அது குட்டையாகத் தெரியும். ஸ்லீப்பர் பெட்டி தயாரித்தவரிடமே உதிரி போகி கேட்டுப் பார்ப்பதுதான் முதல் வழி.

பக்கச்சுவர்

இந்தப் பெட்டியின் உழைப்பில் பாதி இங்கேதான். அவசரப்படாமல் மூன்று நாள் ஒதுக்குங்கள்.

4. அச்சிட்ட படத்தின் மேல் டிரேசிங் தாள் வைத்து சன்னல், கதவு, பார்சல் கதவு எல்லாவற்றையும் கோடுகளாக எடுங்கள். இரு பக்கத்துக்கும் தனித்தனித் தாள். ஒவ்வொன்றிலும் ‘எஞ்சின் பக்கம்’, ‘வால் பக்கம்’ என்று முனையை எழுதுங்கள்.
5. 0.5 தகட்டில் கோடுகளை மாற்றுங்கள். தகட்டைப் பட்டையாக நறுக்குவதற்கு முன்பே சன்னல்களை வெட்டுங்கள். சுற்றிலும் அகலமான தகடு இருந்தால்தான் வெட்டும்போது வளையாது, கிழியாது.
6. ஒவ்வொரு சன்னலின் நான்கு மூலையிலும் 0.8 மி.மீ. துளை போடுங்கள். பிளேடை லேசாக ஐந்தாறு முறை ஓட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டாதீர்கள். ஒரு மூலையில் தொடங்கிப் பாதி, எதிர் மூலையிலிருந்து மீதி. இப்படி வெட்டினால் கத்தி மூலையைத் தாண்டி ஓடாது.
7. எல்லாச் சன்னல்களின் மேல்விளிம்பையும் ஸ்கேலை ஒரே இடத்தில் வைத்து வெட்டுங்கள், பிறகு எல்லாக் கீழ்விளிம்பும், அதன்பின் நெட்டுக்கோடுகள். ஒவ்வொரு சன்னலாக முடித்துக்கொண்டே போனால் வரிசை அலைபாயும். அரை மில்லிமீட்டர் பிசகுகூட நீலப் பெயின்ட் அடித்த பிறகு கண்ணை உறுத்தும்.
8. 1 மி.மீ. தகட்டில் உள்சுவரை வெட்டுங்கள். இதில் ஒவ்வொரு சன்னலும் சுற்றிலும் 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். வெளிச்சுவரோடு ஒட்டியதும் கிடைக்கும் அந்தப் படியில்தான் கண்ணாடியும் கம்பியும் உட்காரும்.
9. ஒட்டும்போது கரைப்பானைத் தூரிகையால் விளிம்பிலிருந்து ஊறவிடுங்கள். முழுப்பரப்பிலும் பூசினால் ஆவி உள்ளே சிக்கி, இரண்டு வாரத்தில் சுவர் வாழைமட்டை போல வளைந்துவிடும். உள்சுவரில் 3 செ.மீ.க்கு ஒரு சிறு துளை போட்டால் ஆவி வெளியேற வழி கிடைக்கும். ஒட்டியதைச் சமதளத்தில் கனமான புத்தகத்தின் அடியில் ஒரு முழு நாள் வையுங்கள்.

அடிக்கடி நேரும் தவறு: நான் முதலில் கட்டிய எஸ்.எல்.ஆரில் ஒரு பக்கத்தின் படம் மட்டும் இருந்தது. அதையே இரண்டு முறை வெட்டினேன். கூட்டைச் சேர்த்த பிறகுதான் தெரிந்தது, ஒரு பக்கம் கார்டு அறை இருந்த இடத்துக்கு நேர் எதிரே மறுபக்கத்தில் பயணிகள் சன்னல். உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பவே இடமில்லை. எட்டு மாலைகளின் வேலையைப் பிரித்துப் போட்டேன். சுவர்களை ஒட்டும் முன் இரண்டையும் முதுகோடு முதுகாகப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இரு பக்கத்திலும் கார்டு கதவு பெட்டியின் ஒரே முனையை ஒட்டி வர வேண்டும்.

கூடு

10. 1.5 தகட்டில் தரை: 243.3 × 34.3. நீளத்தில் முனைச்சுவர் இரண்டின் கனமும், அகலத்தில் பக்கச்சுவர் இரண்டின் கனமும் கழித்த அளவு இது. நடுக்கோடு போட்டு, மையத்திலிருந்து இரு புறமும் 85 மி.மீ. தள்ளிப் போகி திருகுக்குத் துளை போடுங்கள். கூட்டைச் சேர்க்கும் முன்பே போடுங்கள். பிறகு டிரில் நேராக நிற்காது.
11. 1 மி.மீ. தகட்டில் 34.3 அகலத்துக்கு முனைச்சுவர் இரண்டு. அதே அகலத்தில் தடுப்புச் சுவர் மூன்று அல்லது நான்கு. கார்டு அறை, பார்சல் அறை தடுப்புகளைப் படத்தில் உள்ள இடத்திலேயே நிறுத்துங்கள். பக்கச்சுவர் உள்நோக்கி வளையாமல் பிடிப்பவையும் இவைதான்.
12. முதலில் ஒரு பக்கச்சுவரும் தரையும். மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக. அடுத்து முனைச்சுவர்கள், தடுப்புகள். மறுபக்கச்சுவர் கடைசி.
13. கூரையை ஒட்டாதீர்கள், கழற்றும்படி விடுங்கள். கண்ணாடி, கம்பி, இருக்கை, விளக்கு எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். குளிர்சாதனமில்லாத பெட்டியின் கூரையில் காற்றுப்போக்கிகள் வரிசையாக இருக்கும். படத்தில் எண்ணிச் சரியான இடத்தில் ஒட்டுங்கள்.

பாதுகாப்பு: எம்.இ.கே. சட்டென்று தீப்பிடிக்கும். அறையில் கொசுவர்த்தி, ஊதுபத்தி, விளக்கு எதுவும் எரியக் கூடாது. சன்னலைத் திறந்து, சிறு அளவை மட்டும் அகன்ற அடியுள்ள கண்ணாடிப் புட்டியில் எடுத்துக்கொண்டு உடனுக்குடன் மூடுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றிவைக்காதீர்கள். வீட்டில் யாராவது தண்ணீர் என்று எடுத்துவிடுவார்கள். பழைய பிளேடுகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு டேப் சுற்றி எறியுங்கள். நம் கையைக் கிழித்த பிளேடைவிடக் குப்பை அள்ளுபவரின் கையைக் கிழிக்கும் பிளேடு மோசம்.

போகி, எடை, வளைவு

14. ஒரு போகியின் திருகை, அது முன்னும் பின்னும் மட்டும் தலையாட்டுமாறு இறுக்குங்கள். மற்றது பக்கவாட்டிலும் ஆடட்டும். இரண்டும் இறுகினால் தண்டவாள மேடுபள்ளத்தில் சக்கரம் தூக்கும். இரண்டும் தளர்ந்தால் பெட்டி தள்ளாடும்.
15. சக்கர ஜோடியின் உட்புற இடைவெளி 14.4 மி.மீ. அருகில் இருக்கிறதா என்று அளவுகோலால் பாருங்கள். பாயின்ட்டில் தடம்புரளும் பெட்டியில் நான் முதலில் சோதிப்பது இதைத்தான்.
16. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி இந்த நீளத்துக்கு ஏறத்தாழ 165 கிராம் எடை வர வேண்டும். பத்துப் பெட்டி இழுக்கும் எண்ணமிருந்தால் 130 கிராமில் நிறுத்துவேன். ஆனால் ரேக்கில் எல்லாப் பெட்டியும் அதே எடையில் இருக்க வேண்டும். எடைக்கு இரும்பு நட்டுகளைத் தரையின் நடுக்கோட்டில் ஒட்டுங்கள். தூண்டில் ஈயம் வேண்டாம். குழந்தைகள் புழங்கும் வீட்டில் ஈயத் தூள் ஆபத்து.
17. வளைவை இப்போதே சோதியுங்கள். 457 மி.மீ. ஆர வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உட்புறமாக ஏறத்தாழ 8 மி.மீ. தள்ளும், முனைகள் வெளிப்புறமாக எட்டரை மி.மீ. தள்ளும். பிளாட்பார விளிம்பு அருகில் இருந்தால் உரசும். அடிப்பகுதியில் பேட்டரிப் பெட்டிகளை ஒட்டும் முன், போகியைக் கையால் திருப்பிச் சக்கரம் எதுவரை வருகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இடம் இருந்தால் ஆரத்தை 600-க்கு உயர்த்துங்கள். நீளமான பெட்டி அதில்தான் அழகாகத் திரும்பும்.

உண்மையில் இரு பெட்டிகளின் கூடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி 960 மி.மீ.; மாடலில் 11. கடைக் கொக்கிகளை அப்படியே மாட்டினால் பெரும்பாலும் இதைவிடக் கூடுதல் இடைவெளி விழும். உங்கள் வளைவு அனுமதிக்கும் அளவுக்குக் குறுகலான கொக்கியைத் தேர்ந்தெடுங்கள்.

பெயின்ட்

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்பிரே அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் பெயின்டின் மேல் வெண்புகை போல ஒரு படலம் பூத்துவிடும். மழைக்காலத்தில் சுவர் வெட்டி, தையில் பெயின்ட் அடிப்பது என் வழக்கம்.

18. பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுக் கழுவி, ஒரு நாள் உலரவிடுங்கள். அதன்பின் கையுறையோடுதான் தொட வேண்டும்.
19. சாம்பல் நிற பிரைமர். வெட்டுக்காயங்கள், புட்டி போடாத மூலைகள் எல்லாம் இப்போது தெரியும். 800 உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பிரைமர்.
20. சன்னல் வரிசைக்கான வெளிர்நீலத்தை முதலில் அடியுங்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பட்டையை மாஸ்கிங் டேப்பால் மறைத்து அடர்நீலம். டேப்பின் பசையை முதலில் துணியில் ஒட்டி எடுத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். விளிம்பை நகத்தால் அழுத்துங்கள்.

கார் டச்-அப் ஸ்பிரே பயன்படுத்தினால் முதலில் துண்டுத் தகட்டில் அடித்துப் பாருங்கள். சில ரகம் ஸ்டைரீனையே தின்றுவிடும். திறந்த இடத்தில், ஆவி தடுக்கும் முகமூடியோடு அடியுங்கள். துணி முகமூடி இதற்கு உதவாது.

நிறமும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். நீலம் பரவலாக வந்தது 1990-களில். அதற்கு முன் செங்காவி நிறம். பழைய பெட்டி பின்னாளில் நீலம் பூசியிருக்கலாம், அதனால் 94-இல் தொடங்கும் எண் நீலத்தில் வரலாம். 2005-இல் கட்டிய எண்ணைச் செங்காவிப் பெட்டியில் எழுதினால் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

எழுத்து, கம்பி, வால்

21. எழுத்துகளைத் தண்ணீரில் நழுவும் டீக்கால் தாளில் அச்சிடுங்கள். சாதாரண அச்சு இயந்திரம் வெள்ளையோ மஞ்சளோ அடர்நிறத்தின் மேல் தெரியுமாறு அச்சிடாது. ஆகவே வெள்ளை அடிக்கும் அச்சகத்தில் கொடுங்கள். முன்பதிவில்லாப் பகுதிக்கான சாய்ந்த பட்டைகளும் இதே தாளில் வரட்டும்.
22. சன்னல் கம்பி இல்லாத ஐ.சி.எஃப். பெட்டி ஐ.சி.எஃப். பெட்டியாகவே தெரியாது. ஒரு மரத்துண்டில் கம்பி இடைவெளிக்குக் கீறல்கள் போட்டு, 0.3 மி.மீ. கம்பிகளை அதில் கிடத்தி, இரு முனையையும் காகிதப் பட்டையில் ஒட்டி எடுங்கள். சன்னலுக்குச் சன்னல் ஒரே இடைவெளி வரும். கம்பிக்கு உள்புறம் கண்ணாடி.
23. கண்ணாடியை ஃபெவிகாலால் ஒட்டுங்கள், காய்ந்தால் தெளிந்துவிடும். ஃபெவிக்விக் பயன்படுத்தினால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஏறிவிடும், துடைத்தாலும் போகாது.
24. வால் முனைச்சுவரில் மஞ்சள் பெருக்கல் குறி, சிவப்பு வால் விளக்கு, ‘எல்.வி.’ (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசிப் பெட்டி) பலகை. சிறு எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். பலகையைக் காந்தத்தில் மாட்டுங்கள். எஞ்சினுக்கு அடுத்து நிற்கும் எஸ்.எல்.ஆரில் அது இருக்கக் கூடாது. ரேக்கைத் திருப்பும்போது எடுத்து மாற்றலாம்.

ஓட்டம்

25. முதலில் தனியாக, கையால் தள்ளி எல்லா பாயின்ட்டிலும் ஓட்டுங்கள். பிறகு ரேக்கின் கடைசியில் மாட்டி மெதுவாக இழுங்கள். அடுத்து ரேக் முழுவதையும் எஞ்சினால் பின்னோக்கித் தள்ளுங்கள். இழுக்கும்போது ஒளிந்திருந்த கோளாறெல்லாம் தள்ளும்போது வெளிவரும். அரை மணி ஓடியபின் போகித் திருகுகளைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் ஒரு துளி நகப்பூச்சு போட்டு நிறுத்துங்கள்.

டிரேசிங் தாள்களையும் மரத்துண்டு அச்சையும் ஒரு உறையில் போட்டுப் பெட்டி எண்ணை எழுதி வையுங்கள். ரேக்குக்கு எஸ்.எல்.ஆர். இரண்டு வேண்டுமே. இரண்டாவதற்கு அதே தாள் போதும். எண் மட்டும் வேறாக இருக்கட்டும்.